நிற்கத் தெரிந்த வண்டி

புதிதாக வாங்கிய வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி, குருவானவரை அழைத்து மந்திரித்துக்கொள்வது எங்கள் பெரம்பூரில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பிப்ரவரி மாதத்தில் லூர்து அன்னையின் திருவிழா நெருங்கும்போது, மிதிவண்டி முதல் சரக்கு லாரி வரை வரிசையாக வந்து நிற்கும். தீர்த்தத் துளிகள் முன்கண்ணாடியில் தெறித்ததும் வண்டிக்காரரின் முகத்தில் ஒரு நிம்மதி படரும். அந்த நிம்மதியை நாங்களும் அனுபவித்திருக்கிறோம். ஆயினும் அதற்குள் ஒரு சோம்பல் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை, முதுமையை எட்டும் வயதில், ஒரு பழைய கார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தக் கதையை இம்மாத வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் உடன்பிறந்தார் இருவர். ஒரே வீட்டின் மேல்தளத்தில் ஒருவரும் கீழ்த்தளத்தில் ஒருவருமாகக் குடியிருக்கிறோம். எங்கள் தந்தையார் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் ஒருங்கிணைந்த ரயில்பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்ததை அவர் தம் பிள்ளைகளின் பிறந்தநாளைச் சொல்வதுபோலச் சொல்லுவார். இரும்பும் எண்ணெயும் மணக்கும் ஊரில் பிறந்த சிறுவர்களுக்கு வேறெதில் ஆசை பிறக்கும்? எங்களுக்கு மோட்டார் வண்டியின்மேல் ஆசை பிறந்தது.

அந்த ஆசைக்கு நெய் வார்த்தது சோழவரம். பெரம்பூரிலிருந்து மூலக்கடை சென்று, பெருவழிச் சாலையில் மாதவரம், புழல், செங்குன்றம் கடந்தால் சோழவரம். அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் அந்த ஓடுதளத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தி வந்தனர். 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் அமையும்வரை, தென்னாட்டு இளைஞர்களுக்கு மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். எழுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே மிதிவண்டியில் மாறி மாறி மிதித்து அங்கே போய்வந்தோம். நாம் தெருவில் காணும் அதே பியட், அதே ஹெரால்ட், அங்கே வேறு பிறவி எடுத்து ஓடின. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், திருப்பத்துக்கு முன்பு, எரிந்த ரப்பரும் சூடேறிய பிரேக்கும் கலந்த ஒரு மணம் வரும். அந்த மணத்தை நாங்கள் வீரத்தின் மணம் என்று எண்ணினோம். அது எச்சரிக்கையின் மணம் என்பதை அறிய எங்களுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

2009-இல் எங்கள் கைக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வந்தது. 1966-ஆம் ஆண்டு மாடல், இரண்டு கதவுகள். இத்தாலியரான மிக்கெலோத்தி வடிவமைத்து, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளியான கார் இது. நம் நாட்டில் வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்ட் நிறுவனத்தார் இதனைத் தயாரித்தனர். முன்பக்க மூடி முழுவதும் ஒரே துண்டாகத் தூக்கிக்கொள்ளும். இயந்திரத்துக்கு முன்னால் உள்ள சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முந்தைய சொந்தக்காரர் இளமையில் இதனைப் பந்தயத்துக்காகப் பண்படுத்தியவர். 948 சிசி இயந்திரத்தின் தலைப்பகுதியைச் சீவி, இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தியிருந்தார். ஏறக்குறைய 35 குதிரைத் திறன் கொண்ட இயந்திரம் அதனால் 45-ஐ நெருங்கியிருந்தது. இன்றைய வண்டிகளுக்கு இது சிரிப்புக்குரிய எண்ணிக்கை. ஆனால் ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள அந்தச் சிறு கார், காலை வேளையில் காலியான சாலையில் சீறிப் பாய்ந்தபோது, நாங்கள் இருவரும் மீண்டும் சோழவரத்துச் சிறுவர்கள் ஆனோம்.

வண்டியின் முகப்பில் புனித கிறிஸ்தோபரின் சுரூபத்தைப் பொருத்தினோம். கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தும் வந்தோம். வண்ணம் பூசினோம், இருக்கைகளுக்குப் புதுத் தோல் தைத்தோம். இயந்திரத்தைப் பெருக்கியவர் பிரேக்கைப் பெருக்கவில்லை என்பதை நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. முன்சக்கரத்தில் 8 அங்குல டிரம், பின்சக்கரத்தில் 7 அங்குல டிரம், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடியே இருந்தன.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில் அடங்கியிருக்கும் ஆற்றல், வேகத்தின் அளவில் அல்ல, வேகத்தின் வர்க்கத்தின் அளவில் வளர்வது. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 70-க்கு ஏறினால், ஏறியது 20 என்றுதான் முள் காட்டும். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அத்தனையும் வெப்பமாக மாறி, நான்கு இரும்பு டிரம்களின் வழியே வெளியேற வேண்டும். ஓடும் வலிமையை ஒரு பங்கு கூட்டுகிறவன் நிற்கும் வலிமையை இரண்டு பங்கு கூட்டக் கடமைப்பட்டவன். இதனை நாங்கள் அறிந்திராமல் இல்லை, பள்ளியில் படித்திருந்தோம். படித்ததை வாழ்வோடு பொருத்திப் பார்க்கவில்லை.

2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. திருப்பலி முடிந்து, எண்பத்தாறு வயதான எங்கள் அன்னையாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, முரசொலி மாறன் மேம்பாலத்தின்மேல் வந்துகொண்டிருந்தோம். எங்களுள் யார் ஓட்டினார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தவறு இருவருக்கும் பொது.

பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது, மிதி எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொட்டது. மீண்டும் மிதித்தோம், மீண்டும் அதேதான். பாலத்தின் அடியில், மழைக்காகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒருவர் மிதிவண்டியைத் தள்ளியவாறு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். மிதிவண்டியின் பின்னிருக்கையில் எட்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி. கியரைக் குறைத்துக் கைப்பிரேக்கை இழுத்தோம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துத் திரும்பி, நடுச்சுவரில் உரசி, முகப்பு நசுங்கி நின்றது. சிறுமிக்கும் எங்களுக்கும் இடையே இருந்த தூரம் இரண்டு முழம்.

அந்த மனிதர் எங்களைத் திட்டவில்லை. வண்டியை ஒருமுறை பார்த்தார். "பழைய வண்டிதானே சார், போகட்டும்" என்று சொல்லிவிட்டு, மகளைத் தட்டிக்கொடுத்தவாறு நடந்துபோனார். அவர் திட்டியிருந்தால் அன்றிரவு நாங்கள் உறங்கியிருப்போம்.

வீடு வந்து சேர்ந்ததும், "கிறிஸ்தோபர்தாம் காப்பாற்றினார்" என்று எங்களுள் ஒருவர் சொன்னார். கையில் செபமாலையோடு அமர்ந்திருந்த அன்னையார் நிமிர்ந்து பார்த்தார். "அவர் காப்பாற்றினது இருக்கட்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் என்ன செய்தோம்? மூன்று மாதங்களாகப் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்துகொண்டே வந்தது. குறைந்தபோதெல்லாம் ஊற்றி நிரப்பினோம். எங்கே போகிறது என்று தேடவில்லை. 'மழைக்காலம் கழியட்டும், பார்க்கலாம்' என்றோம். செய்யத் தகாததைச் செய்வது மட்டுமன்று, செய்யத் தக்கதைச் செய்யாது விடுவதும் பாவமே என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றோம், பிறருக்கும் கற்பித்தோம். அந்த வாரம் நாங்கள் இருவரும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது இதைத்தான்.

எங்கள் தெருவின் முனையில் பாய் ஒருவர் நெடுநாள்களாக மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. எங்களைக் கால்சட்டைப் பருவத்திலிருந்து அறிந்தவர். இளமையில் சோழவரத்தில் பந்தய வண்டிகளுக்குச் சக்கரம் கழற்றி மாட்டியவர். அவர் வந்து பின்சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மை இழுத்ததும் உள்ளேயிருந்து எண்ணெய் ஒழுகிற்று. வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்து கிழிந்திருந்தது. பிரேக் ஷூவின் லைனிங் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. கைப்பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பியதற்கு அதுவே காரணம்.

"பின்னாடி ஒரு சக்கரத்தில்தான் ஓட்டை, பாய். நாலு சக்கரமும் ஏன் கைவிட்டது?" என்று கேட்டோம்.

"எண்ணெய்க்கு ஒரே வழிதானே, தம்பி. ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் தெருவுக்கே தண்ணீர் வராது" என்றார் பாய்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவும் என்ற விதியைக் கண்டுசொன்னவர் பாஸ்கல். 1623-இல் பிரான்சு நாட்டில் பிறந்து, முப்பத்தொன்பது வயதில் மறைந்த அவர் கணித மேதை. ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. 1654-இல் ஓர் இரவு தமக்குக் கிட்டிய இறையனுபவத்தை எழுதி, அத்தாளைத் தம் மேலங்கியின் உள்ளே தைத்துவைத்துக்கொண்டவர். நம் காலடியில் உள்ள மிதியின் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் சமமாகச் சென்று சேர்வது அவர் கண்ட விதியால்தான். அதே விதியின் மறுபக்கம், எங்கேனும் ஒரு துளை விழுந்தால் எங்கும் அழுத்தம் இல்லை என்பது. ஓர் உறுப்புத் துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்ற புனித பவுலடியாரின் போதனையை, எண்ணெய் படிந்த அந்தத் தரையில் நின்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் தந்தையார் உயிரோடிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ரயில் பிரேக்கைப்பற்றி அவர் அடிக்கடி சொல்லுவார். அமெரிக்கரான வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் செம்மை செய்த காற்றுப் பிரேக்கிலும் சரி, நம் நாட்டு ரயில்களில் நெடுங்காலம் இருந்த வெற்றிடப் பிரேக்கிலும் சரி, குழாய் உடைந்தால் பிரேக் விடுபடாது, தானாகவே பிடித்துக்கொள்ளும். "தவறு நேரும்போது நிற்கும்படி செய்துவைத்தால்தான் அது பிரேக்" என்பார். எங்கள் காரோ தவறு நேரும்போது ஓடும்படி அமைந்திருந்தது.

மூத்தவருடைய மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். நடந்ததைக் கேட்டு அன்று மாலையே வந்தான். அடுத்த வாரம் புதுப்பேட்டைக்குப் போய், நவீனக் கார் ஒன்றின் டிஸ்க் பிரேக் ஜோடி ஒன்றை வாங்கி வந்துவிட்டான். "அப்பா, சித்தப்பா, பின்னால் இருக்கிற டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டு இதைப் போட்டுவிடலாம். ஓட்டை விழுந்தது அங்கேதானே?" என்றான். எங்களுக்கும் அது சரி என்றே பட்டது. பாய் மட்டும் பேசாமல் இருந்தார்.

சிறிது நேரம் கழித்து, "உன் பிள்ளை விளையாடுகிற கார் ஒன்று கொண்டுவா, கண்ணு" என்றார். கைக்கடக்கமான பொம்மைக் கார் ஒன்று வந்தது. பட்டறையில் கிடந்த பலகையைச் சாய்த்து வைத்தார். பொம்மையின் முன்சக்கரங்கள் இரண்டையும் சுழலாதபடி காகிதம் செருகிக் கட்டி, மேலிருந்து விட்டார். கார் நேராகச் சறுக்கி இறங்கிற்று. பிறகு முன்சக்கரங்களை விடுவித்துப் பின்சக்கரங்களைக் கட்டி விட்டார். பாதிப் பலகை வருமுன்பே கார் தட்டாமாலை சுற்றி, வால் முன்னாகக் கீழே வந்து சேர்ந்தது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் அப்படியே.

"பாலத்தில் உங்கள் வண்டி சுற்றினது இதுதான். பின்சக்கரம் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படாதே. முன்னாடி பிடிக்கிறதுக்கு முன்னே அது பிடிக்கக் கூடாது" என்றார்.

மகன் நெடுநேரம் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாள் எடுத்துக் கணக்கிட்டான். 800 கிலோ எடையில் நிற்கும்போது முன்பக்கம் 440, பின்பக்கம் 360 எனக் கொண்டால், ஓங்கிப் பிரேக் போடும்போது ஏறத்தாழ 120 கிலோ பாரம் முன்னே சாய்கிறது. முன்சக்கரங்கள் 560 கிலோவைச் சுமக்க, பின்சக்கரங்களில் 240-தான் மிஞ்சுகிறது. பாரம் குறைந்த சக்கரம் தரையைப் பற்றுவதும் குறைவு. அதன்மேல் வலிய பிரேக்கைப் பூட்டினால் அது சுழல்வதை நிறுத்திவிட்டுச் சறுக்கும். சறுக்கும் சக்கரம் வண்டியின் வாலை நேராக வைத்திராது. ஹெரால்டின் பின்சக்கரங்களோ தனித்தனியே ஊசலாடும் அச்சில் அமைந்தவை. திருப்பத்தில் அவசரப்பட்டால் உள்மடங்கும் இயல்புடையவை. "நான் எங்கே ஓட்டை இருந்தது என்று பார்த்தேன், எங்கே பாரம் இருக்கிறது என்று பார்க்கவில்லை" என்றான்.

அவன் மேலும் தேடியபோது ஓர் உண்மை தெரியவந்தது. ஹெரால்டைச் செய்த அதே டிரையம்ப் நிறுவனத்தார், அதே அடிச்சட்டத்தின் வழிவந்த ஸ்பிட்பயர் என்ற விரைவுக் காரை 1962-இல் வெளியிட்டபோது, முன்சக்கரத்துக்கு 9 அங்குல டிஸ்க் கொடுத்தார்கள். பின்சக்கரத்தில் அதே 7 அங்குல டிரம்மையே வைத்துக்கொண்டார்கள். வேகமான வண்டிக்கு அவர்களே போட்ட பிரேக் இதுதான் என்றால், எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

டிஸ்க் ஏன் சிறந்தது என்று வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். டிரம் சூடேறினால் விரியும். விரிந்து, உள்ளே தள்ளும் ஷூவிடமிருந்து விலகிப் போகும். மிதியை மேலும் மேலும் அழுத்த வேண்டிவரும். வெள்ளத்தில் இறங்கினால் டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரைக் கடந்து வந்தவர்கள் இதை அறிவார்கள். அப்போது மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாகச் சிலமுறை மிதித்து உலர்த்திக்கொள்வது நலம். டிஸ்க்கோ வெளியே தெரியும்படி சுழல்வது, காற்றில் ஆறும், நீரை உதறும். 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபிறகே உலகம் அதன் அருமையைக் கண்டுகொண்டது. எனினும் பாரம் குறைந்த பின்சக்கரத்துக்கு, நல்ல நிலையில் உள்ள டிரம் போதும்.

ஆகவே வேலை இவ்வாறு நடந்தது. வண்டியின் அமைப்பில் மாற்றம் செய்யச் சட்டத்தின் வரம்பு உண்டு என்பதால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்தோம். இங்கிலாந்தில் இன்றும் ஹெரால்டுக்கு உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் அதற்குரிய பாகங்களும் அங்கிருந்து வந்தன. ஒரே வழியாக இருந்த மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு, முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி என இரட்டை வழியுள்ளதைப் பொருத்தினோம். இனி ஒரு பக்கம் துளை விழுந்தாலும் மறுபக்கம் நிற்கும். தந்தையார் கேட்டது முழுமையாக இல்லாவிடினும் பாதியேனும் நிறைவேறிற்று.

பின்சக்கரத்து வேலையைப் பாய் தாமே செய்தார். ஹெரால்டின் பின்பக்க வீல் சிலிண்டரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. அது ஒரு ஷூவைத் தள்ள, எதிர்விசையால் சிலிண்டரே பின்தட்டின் துளையில் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ள வேண்டும். துளையில் துரு ஏறிச் சிலிண்டர் இறுகிவிட்டால் இரண்டில் ஒன்றே வேலை செய்யும். எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் இறுகித்தான் இருந்தன. பல ஆண்டுகளாக நாங்கள் பாதிப் பிரேக்கில் ஓடியிருக்கிறோம்! துருவைச் சுரண்டி, உராய்விடத்தில் மசகு தடவி, புதுச் சிலிண்டர் பொருத்தி, கையால் அசைத்துப் பார்த்து, தடையின்றி நகர்ந்த பிறகே அடுத்த வேலைக்குப் போனார். டிரம்களை லேத்தில் கொடுத்து வட்டம் சரிசெய்தார். ரப்பர் குழாய்கள், இரும்புக் குழாய்கள், சுருள்வில்கள், கைப்பிரேக் கம்பி எல்லாம் புதியவை. கடைசியாக, பின்தட்டில் உள்ள சதுரத் தலைத் திருகை, சக்கரம் இறுகும்வரை முடுக்கி, ஒரு 'கிளிக்' மட்டும் பின்னே விட்டார். "இந்த ஒரு கிளிக்கில்தான் எல்லாம் இருக்கிறது. விட்டதும் தெரியக் கூடாது, பிடித்ததும் தெரியக் கூடாது" என்றார்.

புது லைனிங் விஷயத்தில் ஒரு சம்பவம் நடந்தது. பழைய டிரம்மைக் கழற்றியபோது பாய் தம் வழக்கப்படி குனிந்து, உள்ளே படிந்திருந்த கறுப்புத் தூசியை வாயால் 'பூ' என்று ஊதினார். மகன் பதறிப்போய் அவர் கையைப் பற்றினான். "ஊதாதீர்கள், தாத்தா! அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் போனால் திரும்பி வராது. புற்றுநோய் வரும்" என்றான். பாய் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. "அறுபது வருஷமாக ஊதுகிறேன். எங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் தொழில் வளர்ந்து, நாடெங்கும் நம் வடசென்னையின் பெயரைச் சுமந்து சென்றது. பிரேக்ஸ் இந்தியா 1962-இல் பாடியில் தோன்றியது. லைனிங் தயாரிக்கும் ஆலைகளும் அக்கம்பக்கத்தில் எழுந்தன. உலகெங்கும் பிரேக் லைனிங்கில் கல்நாரைச் சேர்ப்பதே அக்கால வழக்கம். பின்னரே அதன் தீமை உணரப்பட்டு, கல்நார் இல்லாத லைனிங் வந்தது. ஆனால் தெருமுனைப் பட்டறையில் குனிந்து ஊதிய மனிதருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. நமது உயிரைக் காக்கும் பொருளைச் செப்பனிட்டவர் தம் மூச்சைக் கொடுத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் எங்களை வாட்டியது. பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்நாளில் பூசை கண்டுவரும் நாம், நம் வண்டியைத் தொடும் கையையும் அந்தக் கைக்குரியவரின் நெஞ்சையும் நினைக்க வேண்டாமா?

அன்றுமுதல் மகன் பட்டறைக்கு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான். டிரம் கழற்றுமுன் தூசியை நீர் தெளித்து நனைப்பது, ஈரத்துணியால் துடைத்துத் துணியை உறையிட்டுக் கட்டி அப்புறப்படுத்துவது, முகத்துக்குத் தகுந்த கவசம் அணிவது, காற்றுக் குழாயால் ஊதவே ஊதாதது. பாயின் இரண்டு சீடர்கள் இன்றும் அப்படியே செய்கிறார்கள். பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதனைக் கூப்பிய கையோடு சொல்லுகிறோம். பிரேக் ஆயிலையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடும். கொதித்த எண்ணெயில் ஆவி நிரம்பினால் மிதி மீண்டும் தரையைத் தொடும். ஆயில் மட்டம் குறைந்தால், ஊற்றுமுன் தேடுங்கள்.

இடையில் ஒரு கடன் பாக்கியிருந்தது. "அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்தீர்களா?" என்று அன்னையார் நாள்தோறும் கேட்டுவந்தார். பாலத்தடியில் கடைக்காரர்களிடம் விசாரித்து, மூன்றாம் வாரம் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். சிறுமி கதவருகே நின்று எங்களை உற்றுப் பார்த்தாள். "நீங்கள்தானே மோத வந்த தாத்தா?" என்று இருவரையும் சேர்த்தே கேட்டாள். "ஆம், நாங்கள்தாம்" என்றோம். அவள் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டோம். பழைய வண்டி என்பதால் நேர்ந்த விபத்து அன்று, எங்கள் அசட்டையால் நேர்ந்தது என்று சொன்னோம். அவர் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

2019-ஆம் ஆண்டு, லூர்து அன்னையின் திருவிழாவுக்குள் வண்டி ஆயத்தமாயிற்று. ஓட்டிப் பார்த்தபோது பழைய சீற்றம் அப்படியே இருந்தது. மிதியில் மட்டும் புதியதோர் உறுதி. ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தாலும் வால் அசையாமல் நேராக நின்றது. மீண்டும் கோயிலுக்குக் கொண்டுபோனோம். குருவானவர் தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"பிரேக் பார்த்தாயிற்றா?" என்று கேட்டார்.

"பார்த்தாயிற்று, சாமி."

"அப்படியானால் மந்திரிக்கலாம்" என்றார்.

ஆலய உச்சியிலிருந்து குதித்துப்பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதித்தவனுக்கு நம் ஆண்டவர் இணங்கவில்லை. தூதர்கள்மேல் நம்பிக்கை இல்லாமையால் அன்று. தந்தையின் அன்பைப் பரீட்சை வைத்துப் பார்ப்பது விசுவாசம் ஆகாது என்பதால். ஒழுகும் சிலிண்டரோடு பாலத்தில் ஏறி, முகப்பில் சுரூபத்தை மாட்டிவைத்த நாங்கள், அறியாமலே அந்த உச்சியில் நின்றிருந்தோம். மந்திரிப்பு என்பது நம் கடமைக்கு மாற்றன்று. கடமையைச் செய்து முடித்தவன் மிச்சத்தை இறைவன் கையில் ஒப்படைப்பது.

எங்கள் குடும்பங்களிலும் பிள்ளைகளை விரைந்து ஓடச் சொல்லித்தருகிறோம். படிப்பு, வேலை, பொருள் என்று இயந்திரத்தைப் பெருக்கிக்கொண்டே போகிறோம். வேண்டாத இடத்தில் நிற்கவும், கோபம் வருகையில் அடங்கவும், இறங்குமுகத்தில் தடுமாறாதிருக்கவும் அவர்களுக்குச் சொல்லித்தந்தோமா என்று கேட்டுக்கொள்ளும் பொறுப்பு நமக்கு உண்டு. பின்சக்கரத்தின் டிரம்மைப்போல அந்தப் பயிற்சி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பது. கழற்றிப் பார்த்தால்தான் அதன் நிலை தெரியும்.

அன்று மாலை அன்னையாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி அதே பாலத்தின் வழியே வந்தோம். இறக்கத்தில் வேகத்தைக் குறைத்தோம். வண்டி குறைந்தது. அன்னையார் செபமாலையின் அடுத்த மணியை நகர்த்தினார். ஒன்றும் சொல்லவில்லை.